சுத்தம் தேவை

கொருக்குப்பேட்டை கேட் இன்றும் மூடியிருந்தது.
ஐம்பத்திரண்டு எண்ணெய் டாங்கர்களை எண்ணி முடித்துத்தான்
பள்ளிக்கூடம் வந்து சேர்ந்தேன்.
எட்டாம் வகுப்பு, பி பிரிவு.
முதல் பீரியட், கணக்கு.

முதல் பீரியட் ஒரு தனி தேசம்.
அங்கே பெருக்கல்கூட மெதுவாகத்தான் நடக்கும்.
நாற்பத்தியொரு பேரில் பாதிப்பேர்
கன்னத்தில் கைவைத்து
கரும்பலகைக்குப் பின்னால் எதையோ பார்ப்பார்கள்.
"நைட்டெல்லாம் செல்போனு" என்பார் அறிவியல் சார்.
நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்
ஏழு வருஷம்.

ஜெனிட்டாவின் நோட்டில் எண்ணெய்க் கறை.
சிவப்பு மையில் எழுதினேன்: சுத்தம் தேவை.
அடுத்த வாரமும் கறை.
அடிக்கோடு இழுத்து எழுதினேன்: சுத்தம் தேவை.

வட்டம் வரைகிற பாடத்தன்று
அவளுடைய ஜாமெட்ரி பாக்ஸைக் கேட்டேன்.
கொடுக்கவில்லை.
பிடுங்கித்தான் திறந்தேன்.
பாகைமானிக்கு அடியில்
நாலு விரல் அளவு ரவா கிச்சடி.
அதில் ஒரு கேரட் துண்டு,
காம்பஸ் முனை குத்திய ஓட்டையோடு.

சுவருக்கு அந்தப் பக்கம் தொடக்கப்பள்ளி.
அங்கே காலையில் சாப்பாடு உண்டு.
இந்தப் பக்கம் கிடையாது.
ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டால்
மதியம்வரை வயிறு பேசாது என்று
யார் போட்டதோ இந்தக் கணக்கு.
கணக்கு டீச்சர் சொல்கிறேன்,
தப்பு.

மூன்றாம் வகுப்புத் தம்பி
தன் தட்டில் பாதியை
செங்கல் பெயர்ந்த இடம் வழியே அனுப்புகிறான்.
அம்மா மூணு மணிக்கே காசிமேட்டுக்கு, இறால் உரிக்க.
அப்பா போட்டில் போய்ப் பதினோரு நாள்.
வீட்டில் டீயும் பொறையும்,
அதுவும் சில்லறை இருந்தால்.
"க்ளாஸ்ல சொல்லாதீங்க மிஸ்."
அவ்வளவுதான் சொன்னாள்.

பெயர் சொல்லாமல் ஆசிரியர் கூட்டத்தில் சொன்னேன்.
கேஸுக்கு யார் காசு?
ஏழு மணிக்கு யார் வர்றது?
மத்தியானம்தான் போடுறோமே.
ஒருநாள் பழக்கிட்டா தினமும் கேப்பாங்க டீச்சர்.
கேட்பார்கள்.
தினமும்தானே பசிக்கிறது.

இரண்டு மாதமாக எழுதிவைத்த தாளை
தலைமையாசிரியர் மேசையில் வைத்தேன்.
காலையில் போட்ட கணக்குக்கு வகுப்பின் சராசரி முப்பத்தியொன்று.
அதே மாதிரிக் கணக்கு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு
ஐம்பத்தெட்டு.
"அதே புள்ளைங்கதான் சார்.
நடுவுல ஒரு தட்டு சோறு."
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
மறுபடி துடைத்தார்.
"ஒரு மாசம் பாப்போம்."

சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அடுப்பு.
முதல் நாள் பொங்கல் அடிபிடித்தது,
கிண்டியது அறிவியல் சார்.
தீய்ந்த வாசனையோடே தின்றார்கள்.
பேச்சே இல்லை,
கரண்டி தட்டுகிற சத்தம் மட்டும்.
ஜெனிட்டா பாதியைப் பாக்ஸில் எடுத்து வைத்தாள்.
இன்னும் ஏண்டி ஒளிக்கிற என்றேன்.
"தம்பிக்கு மிஸ்.
அவங்களுக்கு இன்னைக்கு உப்புமா,
அவனுக்குப் பொங்கல்தான் புடிக்கும்."

திருவொற்றியூரில், எர்ணாவூரில், வியாசர்பாடியில்
முதல் மணி அடிக்கக் கயிற்றைப் பிடித்திருக்கிறவர்களே,
ஒரு நிமிஷம்.
அந்தப் பிள்ளைகளை எதுவும் கேட்காதீர்கள்,
சொல்ல மாட்டார்கள்.
அடுப்பைப் பற்றவையுங்கள்.
அடிபிடித்தாலும் பரவாயில்லை.

நேற்று நோட்டுகளை வீட்டுக்கு எடுத்துவந்தேன்.
நாற்பத்தியொன்றிலும் கறை.
சாம்பார் மஞ்சள், நெய், ஒன்றில் கறிவேப்பிலையே
ஒட்டியிருந்தது.
சுத்தத்தைப் பற்றி எதுவும் எழுதவில்லை.
ஜெனிட்டாவின் ஐந்தாவது கணக்கு தப்பு.
பை மதிப்பைப் போட மறந்திருக்கிறாள்.
பெரிதாகத் தப்பு போட்டேன்.
இப்போதுதான் அதை
மனசாரப் போட முடிகிறது.